புல் அறுக்கும் நேரமும் புத்தகம் திறக்கும் நேரமும்

கேள்வி: "ஐயா, எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம், இரண்டு கறவை மாடுகள். மகள் பத்தாவது படிக்கிறாள், அவளைப் பற்றிக் கவலை இல்லை. மகன் ஏழாவது, உள்ளூர் அரசுப் பள்ளி. வயது பன்னிரண்டு. அவனுக்குப் படிப்பே ஏறவில்லை. நாலரைக்குப் பள்ளி விட்டு வருவான். வரப்பில் புல் அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போவான். ஆறு மணிக்குக் களத்துக்கு ஓடினால் ஏழரை வரை கூட்டாளிகளோடு ஆட்டம்தான். பிறகு கடைக்கு அனுப்புவேன். எட்டு மணிக்குப் புத்தகத்தை எடுத்தால் கண் டி.வி. மேல் இருக்கும், இல்லாவிட்டால் புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு சோம்பலாகப் படுத்திருப்பான். பத்தே காலுக்குத் தூங்குவான். விடியற்காலை நாலரைக்கு எழுப்பி உட்கார வைத்தால் உட்கார்ந்தபடியே தூங்குகிறான். அரையாண்டில் கணக்கில் 31. என் நாத்தனார் மகன் விடுதிப் பள்ளியில் படித்து நல்ல மார்க் வாங்குகிறான். அங்கே விளையாட்டு, கூட்டாளி எதுவும் கிடையாது, படிப்பு மட்டும்தான். ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் கேட்கிறார்கள். நகையை அடகு வைத்து எட்டாவதில் சேர்த்துவிடலாமா? நான் எட்டாவது வரைதான் படித்தேன், என்னால் சொல்லித்தர முடியாது. விவசாயத்தைப் பற்றி எழுதும் உங்களிடம் இதைக் கேட்பதற்கு மன்னிக்கவும்."

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, ஒரத்தநாடு வட்டம்

மன்னிப்பெல்லாம் வேண்டாம், சகோதரி. உங்கள் கடிதம் முழுக்க விவசாயம்தான் இருக்கிறது. அதைக் கடைசியில் விளக்குகிறேன். கடிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய இன்னொரு கேள்வியும் இருந்தது. நீங்கள் பார்த்தீர்களோ இல்லையோ, அதற்கும் பதில் உண்டு.

முதலில் ஒரு கணக்கு. பத்தே காலுக்குத் தூங்கி நாலரைக்கு எழுந்தால் ஆறே கால் மணி நேரம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்றும், பதின்மூன்று வயதுக்கு மேல் 8 முதல் 10 மணி நேரம் தேவை என்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். உங்கள் மகனுக்குத் தினமும் மூன்று மணி நேரத் தூக்கம் குறைகிறது. அவன் உட்கார்ந்தபடி தூங்குவதைப் படிப்பில் அக்கறை இல்லாதது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உடம்பு தனக்கு வேண்டியதைக் கேட்கிறது. பகலில் படித்ததை மூளை நிலைநிறுத்திக் கொள்வதும் தூக்கத்தில்தான். நாலரை மணிப் படிப்பை இன்றோடு நிறுத்துங்கள். அதிகாலைப் படிப்பு நல்லது என்று நம் வீடுகளில் சொல்வது உண்மைதான். ஆனால் அதைச் சொன்ன காலத்தில் எட்டு மணிக்கே விளக்கை அணைத்துப் படுத்தார்கள்.

அடுத்து, நாலரைக்கு வீட்டுக்கு வந்த பையன் எட்டு மணி வரை செய்ததாக நீங்கள் எழுதியதை வரிசைப்படுத்திப் பார்த்தேன். புல், பால், களம், கடை. நான்கில் மூன்று வீட்டு வேலை. ஒன்றுதான் அவனுடையது. அந்த ஒன்றைத்தான் எடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வீட்டு வேலை செய்யக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நம் வீடுகளில் பிள்ளைகள் கை கொடுக்காமல் எதுவும் நடக்காது. பள்ளி நேரம் போக, குடும்பத்துக்கு ஆபத்தில்லாத வேலைகளில் உதவுவதைச் சட்டமும் தடுக்கவில்லை. மருந்து அடிக்கவும், தட்டை வெட்டும் இயந்திரத்தில் கை வைக்கவும், பவர் டில்லர் ஓட்டவும் மட்டும் எந்த வயதுப் பள்ளிப் பிள்ளையையும் விடாதீர்கள். மருந்துத் தெளிப்பானை முதுகில் மாட்டிய பதினான்கு வயதுப் பையனை என் பணியில் பல முறை பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் வரப்பிலேயே சண்டை போட்டிருக்கிறேன்.

நான் சொல்ல வருவது வேறு. எந்த நேரத்தில் எந்த வேலை என்ற ஒழுங்கு வீட்டில் இல்லாதபோது, படிப்பு மிச்ச நேரத்துக்குத் தள்ளப்படுகிறது. கடைமடைக்குத் தண்ணீர் வருவது போல. எல்லா வயலும் பாய்ந்து மிஞ்சினால்தான் அங்கே வரும். எட்டு மணிக்கு அவன் புத்தகத்தை எடுக்கும்போது அவனிடம் மிஞ்சியிருப்பது களைப்புதான். படிக்கும் பழக்கத்தைப் பையனிடம் தேடுவதற்கு முன்னால், வீட்டின் மாலை நேரத்தில் அதற்கு ஒரு மடை திறந்துவிட வேண்டும். அந்தத் தண்ணீரை விளையாட்டிலிருந்து எடுக்க வேண்டாம். வேலையிலிருந்து எடுங்கள்.

எப்படி எடுப்பது? இங்கேதான் என் தொழில் வருகிறது.

அவனுடைய பெரிய வேலை வரப்புப் புல். ஒரு மணி நேரம் அறுத்தாலும் இரண்டு மாட்டுக்கு அது போதாது. உங்கள் போர் செட் ஓரமாக, கொட்டகைக்குப் பக்கத்தில், தண்ணீர் தேங்காத மேட்டில் பத்து சென்ட் ஒதுக்குங்கள். கோ 4 அல்லது கோ 5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நடுங்கள். பாருக்குப் பார் 60 செ.மீ., கரணைக்குக் கரணை 50 செ.மீ. வைத்தால் பத்து சென்டுக்குச் சுமார் 1,300 கரணைகள் வேண்டும். அடியுரமாக நன்கு மக்கிய தொழு உரம் போடுங்கள். கரணையின் ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு உடனே தண்ணீர் விடுங்கள். முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில் வரும், பிறகு 45 நாளுக்கு ஒரு முறை. பத்து சென்டையும் நாலைந்து பாத்தியாகப் பிரித்து முறை வைத்து அறுத்தால், தண்ணீரும் உரமும் குறையாத இடத்தில் சராசரியாக நாளுக்கு 30 கிலோவுக்குக் குறையாமல் பசும்புல் கிடைக்கும். கூடவே இரண்டு சென்டில் வேலிமசால் விதைத்து, மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால் என்று கலந்து கொடுங்கள். பாலுக்கும் நல்லது.

மாசிக் கடைசியில் நட்டால், பள்ளி திறக்கும் வைகாசிக் கடைசியில் முதல் அறுப்பு. கொட்டகை ஓரத்துப் புல்லை உங்கள் வீட்டுக்காரர் பத்து நிமிடத்தில் அறுத்துப் போட்டுவிடலாம். பையனுக்கு ஒரு மணி நேரம் மிச்சம். தீவனப்புல் நடச் சொல்லி எத்தனையோ கூட்டங்களில் பால் வருமானத்தைக் காட்டிப் பேசியிருக்கிறேன். இந்தக் காரணத்தை ஒரு முறைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அதுவரை என்ன செய்வது? வைக்கோலும் கொஞ்சம் அடர்தீவனமும் வைத்துச் சமாளியுங்கள். சனி, ஞாயிறு மட்டும் அவன் புல் அறுக்கட்டும்.

பால் ஊற்றப் போகும் வேலையை அவனிடமே விடுங்கள். சைக்கிளில் இருபது நிமிடம். அதோடு பால் பாஸ் புத்தகத்தையும் அவன் பொறுப்பில் கொடுங்கள். எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, லிட்டருக்கு என்ன விலை, மாதத்துக்கு எவ்வளவு என்று அவன்தான் எழுதிக் கணக்குச் சொல்ல வேண்டும். தசமப் புள்ளி அங்கே தானாகவே வந்துவிடும். அதே போல யூரியா மூட்டை. 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். அப்படியானால் மூட்டைக்குள் தழைச்சத்து எத்தனை கிலோ? 20.7 கிலோ என்று அவன் போட்டுக் காட்டினால் சதவீதம் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு விடை தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை. "எப்படிப் போட்ட, சொல்லு" என்று கேட்டால் போதும்.

இப்போது மாலை நேரத்தை இப்படி மாற்றிப் பாருங்கள். நாலரைக்கு வந்ததும் வயிற்றுக்கு ஏதாவது கொடுங்கள். மத்தியானச் சத்துணவுக்குப் பிறகு அவன் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டான். சுண்டலோ கடலை உருண்டையோ போதும். பிறகு பால். ஐந்தே காலிலிருந்து ஆறரை வரை களம். முழுக்க அவனுடைய நேரம். அந்த நேரத்தில் கடைக்கு அனுப்பக் கூடாது, கூப்பிடக் கூடாது. ஆறே முக்காலுக்குக் கை கால் கழுவி உட்கார்ந்தால் ஏழரை வரை படிப்பு. பிறகு சாப்பாடு. எட்டு மணிக்கு மேல் விருப்பம் இருந்தால் அரை மணி நேரம் வாய்விட்டுத் தமிழோ ஆங்கிலமோ வாசிக்கட்டும், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். ஒன்பதுக்குப் படுக்கை. காலை ஆறு மணிக்கு எழுந்தால் போதும்.

முக்கால் மணி நேரம் போதுமா என்று கேட்பீர்கள். இப்போது அவன் எட்டிலிருந்து பத்து வரை இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான், எவ்வளவு ஏறியது? ஏழாம் வகுப்புப் பையனுக்குத் தினமும் ஒரே இடம், ஒரே நேரம், கவனம் சிதறாத முக்கால் மணி நேரம் நிறைய. முதல் வாரம் இருபத்தைந்து நிமிடத்தோடு எழுந்துவிட்டாலும் திட்டாதீர்கள். மறுநாள் அதே நேரத்துக்கு உட்காருகிறானா என்று மட்டும் பாருங்கள். நேரம் நிலைத்த பிறகு அளவைக் கூட்டலாம்.

அந்த முக்கால் மணி நேரம் டி.வி. வேண்டாம். உங்கள் சீரியல் எட்டு மணிக்கு மேல் இருக்கட்டும், ஒன்பதுக்கு அணைத்துவிடுங்கள். செல்போனும் அப்படித்தான், முக்கியமாக வீட்டுக்காரர் போன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வீடியோ பார்த்துக்கொண்டு மகனைப் படிக்கச் சொன்னால் நடக்காது.

எதை எப்படிப் படிப்பது என்பது பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நம் பிள்ளைகள் ஒரே பாடத்தைப் பத்து முறை வாசித்து உருப்போடுகிறார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு மொத்தமாக வாசிக்கிறார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த எப்பிங்ஹாஸ் என்ற ஆய்வாளர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885-இல் புத்தகமாக வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே மறந்துபோவதையும், ஒரே நாளில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நாள் இடைவெளி விட்டுப் படித்தால் குறைந்த உழைப்பில் நிற்பதையும் அவர் காட்டினார். அதன்பின் வந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நன்றாக நிற்கிறது.

உங்களுக்கு இது புதிது இல்லை. உளுந்துக்குப் பத்து நாள் தண்ணீரை ஒரே நாளில் விட்டால் என்ன ஆகும்? வேர் அழுகும், மிச்சம் வடிகாலில் போகும். இன்று நடத்திய அறிவியல் பாடத்தை இன்று ஒரு முறை வாசித்து, புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதை ஐந்து வரி எழுதட்டும். நாளை மறுநாள் மறுபடியும் மூடியபடியே எழுதட்டும். அடுத்த வாரம் ஒரு முறை. விட்டுப்போனதை மட்டும் புத்தகத்தில் பார்த்தால் போதும். கணக்குக்கு வேறு வழி. ஏற்கனவே போட்ட கணக்கையே இரண்டு நாள் கழித்து விடையை மறைத்துப் போட வேண்டும். தினமும் நாலு கணக்கு போதும், ஆனால் தினமும்.

சொல்லித்தர முடியாதே என்று வருந்துகிறீர்கள். பாத்திரம் கழுவிக்கொண்டே "இன்னைக்கு அறிவியல்ல என்ன நடத்துனாங்க, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாமல் இருப்பது இங்கே வசதிதான். தெரிந்த அப்பா அம்மா பாதியில் குறுக்கிட்டு விடையைச் சொல்லிவிடுவார்கள். நீங்கள் "அது ஏன் அப்படி?" என்று கேட்பீர்கள். பதில் சொல்லத் திணறினால், எந்த இடத்தில் தனக்குப் புரியவில்லை என்று அவனுக்கே தெரிந்துவிடும். வீட்டில் மாமியார் இருந்தால் அவரிடமும் சொல்லட்டும். மகளையும் இந்த ஆண்டு முழுக்க அவனுக்கு வாத்தியார் ஆக்கிவிடாதீர்கள். அவளுக்கு அரசுத் தேர்வு இருக்கிறது. கவலை இல்லை என்று ஒரே வரியில் அவளைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அவளுக்கும் தூங்க ஒன்பது மணி நேரம் கிடைக்கிறதா என்று பாருங்கள். அடுப்படி வேலை எவ்வளவு அவள் தலையில் இருக்கிறது என்பதையும் ஒரு முறை எண்ணுங்கள்.

அடுத்தது கூட்டாளிகள். களத்தில் யாரோடு ஆடுகிறான், என்ன ஆடுகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. கபடியோ கிட்டிப்புள்ளோ கிரிக்கெட்டோ எதுவானாலும் சரி, ஐந்து வயதிலிருந்து பதினேழு வயது வரை தினமும் ஒரு மணி நேரமாவது உடம்பு வியர்க்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு பக்கம். களத்தில் நடுவர் கிடையாது. அவுட்டா இல்லையா என்று அவர்களே சண்டை போட்டு அவர்களே தீர்த்துக்கொள்கிறார்கள். தோற்றவன் மறுநாளும் வருகிறான். ஊரில் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போய் வாழ, முறைத் தண்ணீருக்குச் சண்டை வந்தால் பேசித் தீர்க்க வேறெங்கே போய்க் கற்பது?

திருந்திய நெல் சாகுபடி முதலில் வந்தபோது, 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 25 செ.மீ. இடைவெளியில் நடச் சொன்னோம். "இவ்வளவு இடத்தைச் சும்மா விட்டால் விளைச்சல் எங்கே வரும்?" என்று கேட்காத விவசாயி இல்லை. அந்தச் சும்மா இடத்தில்தான் தூர் வெடித்தது. மாலை ஒன்றே கால் மணி நேரக் களத்தை நீங்கள் சும்மா இடமாகப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கூட்டாளிகளைப் படிப்புக்கும் அழைத்துக்கொள்ளலாம். சில ஆண்டுகளுக்கு முன் மண் மாதிரி எடுக்கப் போன ஓர் ஊரில் இருட்டிவிட்டது. ஒரு வீட்டுத் திண்ணையில் டியூப்லைட் வெளிச்சத்தில் ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டு அம்மா பக்கத்தில் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். டியூஷனா என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஒருத்தன் விட்டுட்டு ஓடுனா மத்தவன் கூப்டுக்குவான். நான் சும்மா உட்கார்ந்திருக்கேன், அவ்வளவுதான்" என்றார். உங்கள் மகனின் கூட்டாளிகளில் இரண்டு மூன்று பேரை ஆறே முக்காலுக்கு உங்கள் திண்ணைக்கு வரச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவன் படிப்பில் பின்தங்கியவனாக இருந்தால் தயங்க வேண்டாம். அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது உங்கள் மகனுக்குத்தான் பாடம் நன்றாகப் பதியும். பேச்சும் சிரிப்பும் இருக்கும், முக்கால் மணி நேரத்தில் பத்து நிமிடம் அதில் போகும். போகட்டும்.

புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைக்கிறான் என்று எழுதியதை நான் சோம்பலாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வாரமே அரசு மருத்துவமனையில் கண்ணைச் சோதித்துவிடுங்கள். கரும்பலகையில் எழுதிய கணக்கு கண்ணுக்குத் தெரியாவிட்டால் 31 வாங்கியதே பெரிய காரியம்.

இனி விடுதிப் பள்ளி. இதில் நான் நடுநிலையாளன் இல்லை, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மூத்த மகனை ஒன்பதாம் வகுப்பில் அப்படி ஒரு பள்ளியில் சேர்த்தேன். அதிகாலை மணி, இரவு மணி, ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் போன் பேச அனுமதி. மதிப்பெண் வந்தது, நானும் பெருமைப்பட்டேன். அவனுக்கு வந்தது மணி அடித்தால் உட்காரும் பழக்கம். கல்லூரி விடுதியில் மணி அடிக்க ஆளில்லை. முதல் ஆண்டில் இரண்டு தாளில் தோற்றான். எப்போது உட்கார்ந்து படிப்பது என்று தானாக முடிவு செய்ய அவனுக்குத் தெரியவில்லை. பிறகு சமாளித்துவிட்டான், இன்று நல்ல வேலையில் இருக்கிறான். ஆனால் மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் அவனைத் தேடி வர யாரும் இல்லை. இரண்டாம் நாளே கிளம்பிவிடுகிறான். சேர்த்தது அந்தப் பள்ளியின் குற்றம் இல்லை, என் முடிவு.

விடுதி தேவைப்படும் பிள்ளைகள் உண்டு. பக்கத்தில் பள்ளி இல்லாதவர்கள், வீட்டில் நிம்மதி இல்லாதவர்கள். உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பணக் கணக்கையும் பாருங்கள். நகைக்கு ஒன்றேகால் லட்சம் வாங்கி, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 15,000 ரூபாய் வட்டி மட்டும். எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஐந்து ஆண்டுக் கட்டணம் இதே அளவில் இருந்தாலே ஆறேகால் லட்சம். மூன்று ஏக்கர் சம்பாவில் செலவு போக என்ன மிஞ்சுகிறது என்று உங்களுக்குத் தெரியும். கல்லூரிக்குப் போகும்போது அடகு வைக்க நகை இருக்காது.

இழப்பது இதோடு நிற்காது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அப்படிப் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இந்த வழிகள் அடைபடும். மாற்றுவதற்கு முன் தலைமை ஆசிரியரிடம் உட்கார்ந்து நிபந்தனைகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

உங்கள் மகனுக்கு இதைவிட அருகில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. தேறினால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். இதை எழுத ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும், பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 50. அதனால் வருகிற ஆண்டுத் தேர்வு அவனுக்கு முக்கியம். தேர்வில் மனத்திறன் பகுதிக்கு 90 கேள்வி, பாடப் பகுதிக்கு 90 கேள்வி. மனத்திறன் என்பது எண் வரிசை, உருவம், விடுகதை மாதிரிக் கேள்விகள். பல்லாங்குழியும் ஆடுபுலி ஆட்டமும் தெரிந்த பிள்ளைக்கு அது பிடிக்கும். பழைய வினாத்தாள்களைப் பள்ளியில் கேட்டு வாங்கித் திண்ணையில் நாலு பேரும் சேர்ந்து போடட்டும்.

இன்னும் ஒன்று. உளுந்து அறுப்பும் ஆண்டுத் தேர்வும் ஏறக்குறைய ஒட்டி வரும். ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு நாள்கூடப் பள்ளிக்குப் போவதை நிறுத்த வேண்டாம். ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தினால் ஒரு பாடம் போகும். கணக்கில் ஒரு நாள் விட்டால் அடுத்த நான்கு நாள் நடத்துவது புரியாது.

இப்போது கடிதத்தின் பின்பக்கம். உங்கள் மகன் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"சார், எங்க உளுந்து 35 நாள். சில செடி மட்டும் மஞ்சளாகுது. மருந்துக் கடையில இரும்புச் சத்து பத்தலைன்னு சொன்னாங்க. அப்படின்னா எல்லா செடியும் ஆகணும்ல? வரப்பு ஓரமா நிறைய இருக்கு. நடுவுல கம்மி. ஏன்?"

சகோதரி, படிப்பு ஏறவில்லை என்று நீங்கள் எழுதிய தாளின் மறுபக்கம் இது. கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பாமல், வயலைச் சுற்றிப் பார்த்து, ஓரத்தில் அதிகம் நடுவில் குறைவு என்று பிரித்து எழுதியிருக்கிறான். பட்டம் வாங்கிப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களில் எல்லாரும் இப்படிப் பார்த்துக் கேட்பதில்லை.

தம்பி, நீ கேட்டது சரி. இரும்புச் சத்துக் குறைவாக இருந்தால் ஒரு பகுதியில் எல்லாச் செடியும் ஒரே மாதிரி வெளுக்கும். இளம் இலையில் நரம்பு பச்சையாக இருக்கும், நரம்புக்கு நடுவே மட்டும் மஞ்சளாகும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகளில் மட்டும், இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தால் அது மஞ்சள் தேமல் நோய். வைரஸ் கிருமியால் வருவது. வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோகும். காலையில் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார். வெள்ளையாகச் சின்னப் பூச்சி பறந்தால் அதுதான். வரப்புக் களைகளிலும் இந்தக் கிருமி தங்கும். உங்கள் வயலில் ஓரத்தில் அதிகமாக இருக்க அது காரணமாக இருக்கலாம். வரப்பில் என்ன களை இருக்கிறது, அதிலும் மஞ்சள் திட்டு இருக்கிறதா என்று பார்.

நோய் வந்த செடிக்கு மருந்து இல்லை. அப்பாவிடம் சொல்லி அந்தச் செடிகளைப் பிடுங்கி வயலுக்கு வெளியே புதைத்துவிடுங்கள். வரப்புக் களையை எடுங்கள். ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 30 மி.லி., கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அப்பா தெளிக்கட்டும், நீ வேண்டாம். அடுத்த முறை வம்பன் 8 போல இந்த நோயைத் தாங்கும் ரகம் போடச் சொல்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். செடியைப் பிடுங்குவதற்கு முன் வயலில் பத்து இடம் தேர்ந்தெடு. ஐந்து ஓரத்தில், ஐந்து நடுவில். ஒவ்வொரு இடத்திலும் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் குச்சி நட்டு, உள்ளே மொத்தம் எத்தனை செடி, மஞ்சள் எத்தனை என்று எண்ணி எழுது. ஓரத்தில் எத்தனை சதவீதம், நடுவில் எத்தனை சதவீதம் என்று போட்டு, ஆண்டுத் தேர்வு முடிந்ததும் எனக்கு எழுது. கூட்டாளிகளையும் அழைத்துக்கொள், ஒருவன் எண்ணினால் இன்னொருவன் எழுதலாம்.